கீழ்ப் பர்மாவில் தமிழர் நிலவுடைமையும் கிராமச் சமூக வாழ்வும்

முன்னுரை

அயல்நாட்டில் நிலமும் வீடும் வாங்குதல் இன்று வசதி படைத்த தமிழரிடையே பரவலாகக் காணப்படும் வழக்கமாகும். எந்த நாட்டில் வாங்கலாம், என்ன விலை, எத்தகைய ஆவணங்கள் வேண்டும் என்பன குறித்துப் பேசுவோர் பலர். வாங்கிய இடத்தில் ஏற்கெனவே ஓர் ஊர் இருக்கிறது, அவ்வூர்க்கு ஒரு வாழ்க்கைமுறை இருக்கிறது என்பது குறித்துப் பேசுவோர் சிலரே. நிலத்தின் உரிமை பத்திரப் பதிவோடு நிறைவுறும். ஊரில் ஒருவராகும் தகுதி அவ்வாறு பதிவாவதில்லை. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை விளக்குவதற்குத் தமிழர் வரலாற்றிலேயே ஒரு பெரும் சான்று உண்டு. அது கீழ்ப் பர்மாவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பெற்ற நிலவுடைமை ஆகும்.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் இரு பிரிவினராக நிற்கின்றனர். ஒரு சாரார் செட்டியார்களைப் பர்மிய உழவரின் நிலத்தைப் பறித்தவர்களாகக் காட்டுவர். மற்றொரு சாரார் அவர்களைக் காட்டை வயலாக்க முதல் தந்து, பின்னர் அனைத்தையும் இழந்து திரும்பிய கொடையாளர்களாகக் காட்டுவர். இவ்விரு கூற்றுகளிலும் உண்மையின் ஒரு பகுதி உண்டு. எனினும், நிலம் எவ்வாறு கைமாறியது, கைமாறிய பின் உரிமையாளருக்கும் ஊருக்கும் இடையே என்ன உறவு நிலவியது என்னும் வினாக்களை இவை தெளிவுபடுத்துவதில்லை. அவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கீழ்ப் பர்மாவும் புதிய நிலச் சட்டமும்

1852ஆம் ஆண்டு நிகழ்ந்த இரண்டாம் ஆங்கிலேய பர்மியப் போரின் முடிவில் பெகுப் பகுதி பிரிட்டிஷார் வசமாயிற்று. அக்காலத்தில் ஐராவதி ஆற்றின் கழிமுகம் பெரும்பாலும் சதுப்பும் காடுமாக இருந்தது. மக்கள்தொகை மிகக் குறைவு. 1869ஆம் ஆண்டு சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பியச் சந்தைக்கு அரிசி அனுப்புதல் எளிதாயிற்று. மேல் பர்மாவிலிருந்து உழவர்கள் கூட்டங்கூட்டமாகக் கீழ்ப் பர்மாவுக்குக் குடிபெயர்ந்தனர். 1850களில் பத்து இலட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெற்பரப்பு, 1930களில் ஏறத்தாழ நூறு இலட்சம் ஏக்கரை எட்டியது. ஆசியாவின் மிகப் பெரிய அரிசி ஏற்றுமதிப் பகுதி இவ்வாறு உருவாயிற்று.

இம்மாற்றத்தின் அடித்தளமாக ஒரு சட்டம் விளங்கியது. பர்மிய மரபில், காட்டை முதலில் வெட்டித் திருத்தியவருக்கே நிலம் உரியது. 1876ஆம் ஆண்டின் நில வருவாய்ச் சட்டம் இம்மரபை ஏற்றுக்கொண்டு, அதற்குப் புதிய வடிவம் தந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நிலத்தைப் பயன்படுத்தி, வரி செலுத்தி வந்தவருக்கு நிலையான உரிமை கிட்டும் என்றும், அவ்வுரிமை வழிவழியாக வரக்கூடியது, பிறருக்கு மாற்றத்தக்கது என்றும் அச்சட்டம் வகுத்தது.

மாற்றத்தக்கது என்னும் இவ்விதியை நாம் இங்குச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். நிலம் மாற்றத்தக்கதாயின் அடகு வைக்கத்தக்கதும் ஆகும். காட்டை வெட்டவும், மாடு வாங்கவும், கூலியாட்களுக்கு உணவளிக்கவும், முதல் அறுவடை வரை குடும்பத்தைக் காக்கவும் உழவருக்குப் பணம் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் ஏற்றுமதி வணிகத்திற்குக் கடன் தந்தனவேயன்றி, வயலில் நின்ற உழவரை நாடிச் செல்லவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர்களே செட்டியார்கள்.

கிட்டங்கியின் அமைப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மௌல்மெயினில் காலூன்றிய செட்டியார் நிறுவனங்கள், பின்னர் இரங்கூனிலும் கழிமுகத்தின் சிறு நகரங்களிலும் பரவின. 1929, 1930ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய பர்மா மாகாண வங்கியியல் விசாரணைக் குழு, பர்மாவில் 1,600க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இயங்கியதையும், அவற்றில் ஈடுபட்டிருந்த முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்பதையும் பதிவு செய்தது. கீழ்ப் பர்மாவின் மக்கள் நெருங்கிய பகுதிகளில், ஓர் உழவர் ஒரு நாள் பயணத்தில் அடையக்கூடிய தொலைவிலேயே ஒரு செட்டியார் கடை இருந்தது.

இக்கடைகள் இயங்கிய முறை நம் பொருளுக்கு இன்றியமையாதது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். பர்மாவில் கடையை நடத்துபவர் அவருடைய மேலாள். அவருக்குத் துணையாக அடுத்தாளும், தொழில் பழகும் பெட்டியடிப் பையன்களும் இருப்பர். மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டுகள். அக்காலம் முடிந்ததும் கணக்கை ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்புவார். அவரிடத்தில் வேறொருவர் வருவார். மனைவியும் மக்களும் உடன் வருவதில்லை. கிட்டங்கியிலேயே பலரும் ஒன்றாகத் தங்கி, உண்டு, கணக்கெழுதி வாழ்ந்தனர். முருகன் கோயிலே அவர்களுடைய பொது மன்றம். மாதந்தோறும் நடப்பு வட்டியை முடிவு செய்யும் கூட்டமும் இரங்கூனில் கோயிலிலேயே நடைபெற்றது.

இவ்வமைப்பு கடன் தொழிலுக்கு மிகப் பொருத்தமானது. நம்பிக்கை உறவினர் வட்டத்துக்குள்ளேயே அமைந்ததால் செலவும் குறைவு, ஏமாற்றமும் குறைவு. பர்மியக் கடன் கொடுப்போர் வாங்கியதைவிடக் குறைந்த வட்டிக்குச் செட்டியார்களால் கடன் தர முடிந்தது என்பதை விசாரணைக் குழுவின் அறிக்கையே ஏற்கிறது. ஆயினும் கடன் தொழிலுக்குப் பொருத்தமான அதே அமைப்பு, நிலவுடைமைக்குப் பொருந்தாததாக அமைந்தது. ஒரு பர்மிய உழவர் தம் நிலத்தின் மேல் உரிமை பெறப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்நிலத்திலேயே வாழ வேண்டியிருந்தது. அப்பன்னிரண்டு ஆண்டுகளில் அருகிலிருந்த கிட்டங்கியில் நான்கு மேலாட்கள் மாறியிருப்பர். ஒருவர் ஊரின் மொழியையும் முகங்களையும் பழகி முடிக்கும் வேளையில் அவர் புறப்படும் நாள் வந்துவிடும்.

நிலம் கைமாறிய முறை

செட்டியார்கள் நிலம் தேடிப் பர்மா சென்றவர்கள் அல்லர். அவர்களுக்கு வேண்டியது சுழலும் பணம். நிலமாக மாறிய பணம் முடங்கிய பணமாகவே அவர்களால் கருதப்பட்டது. கடன் தீராதபோது நிலத்தை எடுத்துக்கொள்ள நேர்ந்தாலும், நல்ல விலை கிடைக்கும் காலத்தில் அதனை விற்றுவிடுவதே அவர்கள் வழக்கம். 1930ஆம் ஆண்டில் கூடக் கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் அவர்கள் வசம் இருந்தது 6 விழுக்காட்டு நிலமே.

அவ்வாண்டில் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் பர்மாவைத் தாக்கியது. நெல் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. உழவரால் வட்டியும் செலுத்த இயலவில்லை. அசலைப் பற்றிப் பேச்சே இல்லை. மறுபுறம், செட்டியார் கடைகளுக்குப் பணம் தந்திருந்த வங்கிகளும் வைப்பாளர்களும் தம் பணத்தைத் திரும்பக் கேட்டனர். அடகு நிலம் கைக்கு வந்தது. ஆனால் அதனை வாங்குவதற்கு ஆளில்லை. 1937ஆம் ஆண்டளவில் அதே 13 மாவட்டங்களில் அவர்களின் பங்கு 25 விழுக்காடாக உயர்ந்தது. அதாவது, 24 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஏக்கர் நிலம் அப்போது அவர்கள் பெயரில் இருந்தது.

இதனை வெற்றியாகக் கருதுவதற்கு இடமில்லை. விற்க முடியாத நிலத்தைத் தாங்கியிருந்த கடைகள் பல நொடித்தன. செட்டிநாட்டில் அவற்றை நம்பியிருந்த குடும்பங்கள் துன்புற்றன. எனினும் பர்மிய உழவரின் கண்ணுக்கு இக்கணக்குகள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தன் தந்தை காடு வெட்டித் திருத்திய வயல், கடல் கடந்த ஊரைச் சேர்ந்த ஒருவரின் பெயரில் பதிவாகியிருப்பதே அவருக்குத் தெரிந்த உண்மை. சட்டத்தின்படி இருவர் செயலிலும் பிழையில்லை. ஆயினும் ஒருவர் வீட்டையும் மற்றவர் முதலையும் இழந்தனர்.

உரிமையாளரும் ஊரும்

நிலம் கைமாறிய பின், பழைய உரிமையாளரே பல இடங்களில் குத்தகையாளராகத் தொடர்ந்தார். பிற இடங்களில் வேறு குத்தகையாளர் அமர்த்தப்பட்டனர். குத்தகை பெரும்பாலும் ஓராண்டுக்கே உரியது. ஆண்டுதோறும் இடம் மாறும் குத்தகையாளர் வயல் வரப்பைப் பேணுவதிலோ, ஊர்ப் பொதுப்பணியில் ஈடுபடுவதிலோ நாட்டம் கொள்வதற்கு வழியில்லை. ஊரும் இதனால் தளர்ந்தது.

பர்மியக் கிராமத்தின் நடுநாயகமாக விளங்குவது புத்த மடம். பிள்ளைகள் எழுத்தறிவு பெறுவதும், சிறுவர் துறவாடை ஏற்கும் சடங்கு நிகழ்வதும், அறுவடைக்குப் பிந்தைய விழாக்கள் நடைபெறுவதும் அதனைச் சார்ந்தே. நிலமுடைய பெரியவர் ஒருவர் துறவியர்க்கு உணவளித்து, கோபுரப் பணிக்குப் பொருளுதவி செய்து, ஏழை உறவினரின் மகன் துறவாடை ஏற்கும் செலவைத் தாம் ஏற்பது வழக்கம். குத்தகையாளர் அவருக்கு நெல் அளப்பதும், அவர் ஊர்க்கு அறம் செய்வதும் ஒரே உறவின் இரு பக்கங்களாக இருந்தன. விளைச்சல் பொய்த்த ஆண்டில் குத்தகையைக் குறைக்கும்படி கேட்பதற்கு அவர் வீட்டு வாயில் இருந்தது.

செட்டியார் நிலவுடைமையில் இவ்வுறவின் ஒரு பக்கம் மட்டுமே எஞ்சியது. மேலாள் பியாப்போன், பஸ்ஸீன், ஹென்ஸாடா போன்ற நகரங்களின் கடைத்தெருவில் இருந்தார். அவர் பொறுப்பிலிருந்த வயல்கள் பல கிராமங்களில் சிதறிக் கிடந்தன. குத்தகையைக் குறைக்கும் முடிவும் அவர் கையில் இல்லை. அவர் செட்டிநாட்டிலிருந்த முதலாளிக்கு விடை சொல்ல வேண்டியவர். அவர் பர்மிய மொழி பேசினார். ஆனால் அது கடன் பத்திரத்தின் மொழி. அவர் பக்தியுடையவர்; ஆனால் அவர் கோயில் நகரத்தில் இருந்தது. தேக்கு மரம் பர்மாவிலிருந்து செட்டிநாட்டு மாளிகைகளுக்குச் சென்றது. செட்டிநாட்டிலிருந்து எந்தக் குடும்பமும் பர்மியக் கிராமத்தில் வந்து குடியேறவில்லை.

பர்மாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரியும் அறிஞருமான ஃபர்னிவால், 1948ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் பன்மைச் சமூகம் என்னும் கருத்தை விளக்கினார். பல இனத்தார் அருகருகே வாழ்ந்தும் ஒன்றுகலவாமல், சந்தையில் வாங்குவோராகவும் விற்போராகவும் மட்டுமே சந்திக்கும் சமூகமே அது. மலேசியச் சமூகத்தை ஆராய்வோர் இக்கருத்தைப் பெரிதும் எடுத்தாள்வதால் அது நமக்குப் பழகிய ஒன்றே. அக்கருத்து உருவாவதற்கு முதன்மைக் களமாக அமைந்தவற்றுள் கீழ்ப் பர்மாவும் ஒன்று என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பும் இழப்பும்

1930ஆம் ஆண்டு டிசம்பரில் தாராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி வெடித்தது. அதன் முதல் இலக்கு வரி தண்டிய அரசும் அதன் கிராமத் தலைவர்களுமே. எனினும் 1931ஆம் ஆண்டில் கீழ்ப் பர்மாவின் சில மாவட்டங்களில் வன்முறை இந்தியர்கள்மீதும் திரும்பியது. அதில் துன்புற்றவர்களுள் சிறு உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் இருந்தனர். பெருநிலம் ஒருவர் பெயரிலும், அதற்கான சினம் மற்றொருவர் தலையிலும் விழுந்த இந்நிகழ்வு, நாம் மறக்கலாகாத ஒன்று.

1937ஆம் ஆண்டு பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1939ஆம் ஆண்டுக்கும் 1941ஆம் ஆண்டுக்கும் இடையே குத்தகை, நில மாற்றம், நிலத்தை அரசு வாங்குதல் ஆகியன குறித்த சட்டங்கள் இயற்றப்பட்டன. அவை நடைமுறைக்கு வந்து பயன்தருமுன் ஜப்பானியப் படையெடுப்பு நிகழ்ந்தது. 1942ஆம் ஆண்டு இலட்சக்கணக்கான இந்தியர்கள் மலைவழியாக அஸ்ஸாம், மணிப்பூர் நோக்கி நடந்தனர். வழியில் மாண்டவர் பல்லாயிரவர். 1948ஆம் ஆண்டு ஜனவரியில் விடுதலை பெற்ற பர்மா, அதே ஆண்டில் நில நாட்டுடைமைச் சட்டத்தை இயற்றியது. உழவரல்லாதாரின் நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள அச்சட்டம் வழிவகுத்தது. தாமே உழுவோர்க்குக் குறிப்பிட்ட அளவு நிலம் விடப்பட்டது. 1962ஆம் ஆண்டு இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் வங்கிகளும் கடைகளும் நாட்டுடைமையாக்கப்பட, இந்தியர்களின் பெரும் வெளியேற்றம் மீண்டும் நிகழ்ந்தது. சென்னையின் பர்மா பஜாரும், மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயின் தமிழ்க் குடியிருப்பும் அவ்வெளியேற்றத்தின் அடையாளங்களாகும்.

செட்டியார் நிறுவனங்கள் இழப்பீடு வேண்டி மனுக்கள் அளித்தன. சட்ட முறையில் அவர்கள் வழக்கு வலுவானது. ஆவணங்கள் அனைத்தும் செம்மையாக இருந்தன. ஆயினும் அவர்களுக்காகக் குரல் எழுப்பப் பர்மியக் கிராமம் ஒன்றுகூட முன்வரும் நிலை உருவாகியிருக்கவில்லை. கால் நூற்றாண்டு நிலவுடைமையும் முக்கால் நூற்றாண்டுக் கடன் உறவும் அத்தகைய உறவை வளர்க்கவில்லை.

ஊரில் வாழ்ந்தவர்கள்

இவ்வரலாற்றில் குறைவாகவே எழுதப்பட்ட மற்றொரு பகுதி உண்டு. பர்மா சென்ற தமிழருள் பெரும்பாலோர் செட்டியார்கள் அல்லர். கூலிகளாகவும், அறுவடைத் தொழிலாளர்களாகவும், சிறு குத்தகையாளர்களாகவும் சென்றவர்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் குடும்பத்தோடு கிராமங்களில் தங்கிவிட்டனர். பெகு, தட்டோன், மௌல்மெயின் வட்டாரங்களிலும் யாங்கோனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அவர்களின் வழிவந்தோர் இன்றும் வாழ்கின்றனர். அவர்களுள் பலர் உழவர்கள்.

இவர்கள் வீட்டிலும் வெளியிலும் பர்மியம் பேசுகின்றனர், லுங்கி அணிகின்றனர், பர்மியப் பெயரும் தமிழ்ப் பெயருமாக இரு பெயர் கொண்டோர் பலர். அம்மன் கோயில் தீமிதியில் அண்டை வீட்டுப் பர்மியரும் வந்து வழிபடுவதுண்டு. புத்த மடத்து விழாவில் இவர்களும் பங்கு கொள்கின்றனர். நடவும் அறுப்பும் இனம் பார்த்து நிற்பதில்லை; மாற்றாளாக இன்று இவர் வயலில் இறங்குபவர், நாளை அவர் வயலில் இவரை எதிர்பார்க்கிறார்.

இதனை இன்பமான முடிவாக நாம் வரைந்துகாட்ட விரும்பவில்லை. 1960களில் தனியார் பள்ளிகள் நாட்டுடைமையானபின் தமிழ்க் கல்வி கோயில் வகுப்புகளுக்குள் ஒடுங்கியது. இளையோர் பலருக்குத் தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாது. பேசவும் அறியாதோர் உளர். 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 1823ஆம் ஆண்டுக்கு முன்பே அந்நாட்டில் வேர்கொண்ட இனத்தாருக்கே பிறப்பால் முழுக் குடியுரிமை என வகுத்ததால், மற்றவர்கள் மூன்று தலைமுறை வாழ்ந்தும் தம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டியவராயினர். சிலர் தங்கியதற்குக் காரணம் ஊர்ப்பற்று மட்டுமன்று. கப்பலேறப் பணமில்லாமையும் ஒரு காரணம். ஆயினும் ஒன்று உறுதி. ஆவணமே இல்லாத இவர்கள் அம்மண்ணில் எஞ்சினர். குறையற்ற ஆவணம் வைத்திருந்தவர்கள் எஞ்சவில்லை.

மலாயாவுடன் ஓர் ஒப்பீடு

மலாயாவிலும் செட்டியார்கள் கடன் தந்தனர். அடகு நிலம் கைமாறும் அச்சம் இங்கும் எழுந்தது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1913ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், மலாய்க்காரர் நிலம் பிறர் கைக்குச் செல்வதைத் தடுக்க முற்பட்டது. பெருமந்தக் காலத்திற்குப்பின் 1933ஆம் ஆண்டு அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. செட்டியார் சமூகம் அதனை எதிர்த்தது. தம் தொழிலுக்கு அது இழப்பு என்பது அவர்கள் வாதம். பின்னோக்கிப் பார்க்கையில், கீழ்ப் பர்மாவில் நேர்ந்ததைப் போன்ற பெரும் நிலமாற்றம் இங்கு நிகழாமல் தடுத்த காரணங்களுள் அச்சட்டமும் ஒன்று என நாம் கருதலாம். கடன் கொடுத்தவரையும் அது ஒருவகையில் காத்தது.

மலேசியத் தமிழர் நிலம் வாங்கிய வேறொரு முறையும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. தோட்டத் துண்டாடலால் வேலையும் வீடும் இழக்கும் நிலைக்கு ஆளான தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டி, 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அங்கே வாங்குவோர், அம்மண்ணில் ஏற்கெனவே உழைத்து வாழ்ந்தோரே. வாழ்வு முன்னும் உரிமை பின்னுமாக அமைந்தது அம்முயற்சி. கீழ்ப் பர்மாவில் உரிமை வந்தது. வாழ்வு அதனைத் தொடரவில்லை.

முடிவுரை

கீழ்ப் பர்மாவின் வரலாற்றைத் தனிமனிதரின் பேராசைக் கதையாகவோ நன்றிகொன்ற நாட்டின் கதையாகவோ வகுப்பறையில் கூறுவது எளிது. இரண்டும் மாணவரைச் சினத்தில் கொண்டுபோய் விடும்; புரிதலில் கொண்டுபோய் விடா. மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறும் மேலாள், ஓராண்டுக் குத்தகை, கடல் கடந்து இருந்த முதலாளி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், நல்லெண்ணம் உடையோரும் ஊர்க்கு அந்நியராகவே நின்றது ஏன் என்பது விளங்கும்.

இன்று மியன்மாரில் 1987ஆம் ஆண்டின் சட்டப்படி அயல்நாட்டவர் நிலம் வாங்க இயலாது. இந்தியாவிலும் அயல்நாடு வாழ் இந்தியர் வேளாண் நிலத்தை விலைக்கு வாங்குவதற்குத் தடை உண்டு. இத்தகைய சட்டங்களை வெறும் இடையூறாகக் காண்போர், வயல் என்பது விலைப்பொருள் மட்டுமன்று, ஒரு சமூகத்தின் இருப்பிடமும் ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அயல்நாட்டில் வீடும் நிலமும் வாங்க விழையும் நம்மவர், விலையையும் பத்திரத்தையும் ஆராய்வதோடு, அங்கு யார் வாழப்போகிறார், எத்தனை ஆண்டு வாழப்போகிறார், அவ்வூரின் நல்லதிலும் கெட்டதிலும் யார் சென்று நிற்பார் என்னும் வினாக்களையும் தமக்குள் எழுப்பிக்கொள்வது நலம். கீழ்ப் பர்மாவின் கிட்டங்கிகளில் பேரேடுகள் செம்மையாக எழுதப்பட்டன. இவ்வினாக்களுக்கு அவற்றில் பத்தி ஒதுக்கப்படவில்லை.